ஆணிக்கு ஓர் இடம்

“…எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாதுண்ணே. எல்லாம் எங்க மாமியா மனசுக்காகத்தான். அவுக பழைய ஆளு. நாம சொன்னா கேக்கவா போறாக?” என்று சொல்லி முடித்தாள் முத்துராக்கு.

முடித்த கையோடு அவள் ஒரு காரியம் செய்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டால் அதன் ருசி தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! நான் அருப்புக்கோட்டையில் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். ரேடியோவில் தொடங்கி, டிவி, ஸ்டெபிலைசர், கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர், விசைத்தறி சென்ஸார் என்று காலம் எதைக் கெடுத்துக் கொடுத்ததோ அதையெல்லாம் சரிபண்ணிப் பிழைத்தவன். இப்போது கடையை மூடிவிட்டேன். என் வீட்டுக்காரியிடம் கேட்டால், “மூடலை. கடைய வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்காக, அம்புட்டுத்தான்” என்பாள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் கேட்கும் கேள்விகளையெல்லாம் பார்க்கிறேன். எந்த சிப் நல்லது, எந்த ஈயம் நல்லது, எந்த மீட்டர் வாங்கலாம். நல்ல கேள்விகள்தான். ஆனால் பொருளைக் கொண்டுவருகிற ஆளைப் பற்றி ஒருவரும் கேட்கக் காணோம். பொருள் தானாகக் கடைக்கு நடந்து வருவதில்லை. யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு வருகிறார். அவர் வாயைத் திறந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பந்தல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயச் சம்சாரி வந்தார். “மோட்டாரு ஓடுது, தண்ணி வரல” என்றார். “மோட்டாரு ஓடுதுன்னா மோட்டார்ல கோளாறு இல்லையே?” என்றேன். “அதத்தான் எம்பொண்டாட்டியும் சொல்றா. அவள நம்ப முடியாதுன்னுதான் ஒங்ககிட்ட வந்தேன்” என்றார். அன்றைக்கு நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. அவர் வீட்டம்மாவுக்கு நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பினேன்.

எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி இதில் கெட்டிக்காரர். எந்தப் பொருள் வந்தாலும் மூடியைத் திறக்கமாட்டார். கொண்டுவந்தவரைப் பார்த்து, “கடேசியா இத யாரு தொட்டா?” என்பார். “யாருமே தொடலீங்க” என்று பதில் வரும். உடனே என் பக்கம் திரும்பி, “ஏலே, அப்ப இது வீட்டாளு வேலை. தெறந்து பாரு” என்பார். வெளியாள் தொட்டிருந்தால் பேரைச் சொல்லிவிடுவார்களாம். வீட்டாள் தொட்டிருந்தால்தான் ‘யாருமே’ வருமாம். சிரிக்காதீர்கள். மீட்டர் காட்டிக்கொடுக்காததையெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி காட்டிக்கொடுத்திருக்கிறது.

இனி முத்துராக்கு.

நான் கடையை மூடுவதற்கு முந்தின கோடை. அதற்கு ஆறேழு மாசம் முன்பிருந்தே எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. தறிக்காரர்கள் கொண்டுவரும் பழைய போர்டுகளுக்கு மாற்று எங்கும் கிடைப்பதில்லை. நானே செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். சர்க்யூட் படத்தை ஜெராக்ஸ் கடையில் வழவழத் தாளில் எடுத்து, காப்பர் போர்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிற பழைய முறை. பாதிக் கோடு காப்பரில் ஒட்டும், மீதிப் பாதி தாளோடு போய்விடும். வீட்டுக்காரியின் இஸ்திரிப் பெட்டி கறுத்துப்போய், அவள் என் சட்டைகளைத் தேய்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ ஒரு மகராசன், மை பிரிண்டரைப் பிரித்து, தாளுக்குப் பதில் காப்பர் போர்டையே உள்ளே விட்டு அச்சடிக்கிறான். மை விழுந்த இடம் அமிலத்தில் கரையாமல் நிற்கிறது, மற்றது கரைந்துபோகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றைப் பிடித்தேன். தாள் போகிற சந்தில் போர்டு நுழையாதே? அடிப்பாகத்தை அறுத்தேன். மை தெளிக்கிற ஹெட்டு ஓடும் தண்டவாளத்தை சைக்கிள் கடை வாஷர்களை வைத்து உயர்த்தினேன். தாள் வந்துவிட்டது என்று அந்தப் பிரிண்டரை ஏமாற்ற, அதன் சென்ஸாரில் ஒரு கல்யாணப் பத்திரிகைத் துண்டைச் செருகினேன். இப்படியாக அது முதன்முதலில் அடித்துக்கொடுத்த போர்டு, இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்தது. அதைக் கடைச் சுவரில் மாட்டி வைத்தேன். அழகாக இருக்கிறதே, எந்தக் கோயில் என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

அடித்த மையைச் சூட்டில் காயவைத்தால்தான் கெட்டிப்படும். அதற்கு ஒரு பிஸ்கட் டின்னும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக் கம்பியும் வைத்து ஒரு சூட்டுப் பெட்டி செய்திருந்தேன். அந்தப் பெட்டியின் சூடு ஏறினால் அணைத்து, இறங்கினால் போடுகிற தெர்மோஸ்டாட் போர்டு ஒன்று வேண்டும். அதையே இந்தப் பிரிண்டரில் அடிக்கலாம் என்று படம் வரைந்து வைத்திருந்தேன். பிரிண்டரைத் திறந்து போட்டுக்கொண்டு அந்த வேலைக்குத்தான் உட்கார்ந்திருந்தேன். சித்திரை மாசம், ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுது.

“குஞ்சு பொரிக்கிற மிஷினுக்கு ஆளு தேடி வந்தா, இங்க ஒரு மிஷினு கொடலக் காட்டிக்கிட்டுக் கெடக்கு. அண்ணே, இது பொழச்சுக்கிருமா?”

நிமிர்ந்தேன். வாசலில் முத்துராக்கு. திருச்சுழி தாண்டி உள்ளே போனால் வரும் ஊர். அவள் வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டரை முன்பு சரிபண்ணிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவளுக்கு நாற்பது வயசிருக்கும். வாய்க்குப் பஞ்சமில்லாத மனுஷி. கையில் வயர்கூடை, கூடைக்குள் துண்டு சுற்றிய ஒரு பெட்டி. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

“பொழைக்கும் தாயி. உக்காருங்க. கண்ணு ஏன் இப்பிடி இருக்கு?”

“தூங்குனாத்தான? நேத்துப் பொழுதடைய பெட்டி நின்னுபோச்சு. பல்ப நேரா கரண்டுல குடுத்து, நானும் எங்க மாமியாவும் மாத்தி மாத்தி சுவிச்சப் போடுறதும் அமத்துறதுமா விடிய விடியக் கெடந்தோம். ஒரு கண்ணு அசந்தா முட்டை அவிஞ்சுபோகும். அமத்திட்டு அசந்தா வெறச்சுப்போகும். இன்னொரு ராத்திரிக்கு எங்களால ஆகாதுண்ணே.”

விஷயம் இதுதான். அவள் கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்து, குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்று வாங்கியிருந்தாள். தெருப் பெண்களையெல்லாம் கூட்டி, ‘கோழிய அடை வச்சா அது முட்டையிடுறத விட்டுட்டு உக்காந்திருக்கும். முட்டைய எங்கிட்டக் குடுங்க, குஞ்சாத் தாரேன்’ என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் நம்பிக் கொடுத்துவிட்டார்கள். யார் முட்டை எது என்று தெரியவேண்டுமே? ஒருத்தி மஞ்சள் பொட்டு வைத்தாள், ஒருத்தி கரிக்கோடு போட்டாள், ஒருத்தி பேனாவால் மகள் பெயரின் முதலெழுத்தை எழுதிவிட்டாள். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஜீவன் அசைவது தெரிகிற கட்டம் அது. இப்போது போய்ப் பெட்டி நின்றுவிட்டது.

“பெட்டிக் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டா, புது போர்டு வர நாலஞ்சு நாளாகுமாம். நாலஞ்சு நாளு! கோழியாவது ஒரு வாய்க்கு எந்திரிச்சிட்டு வந்து திரும்ப உக்காந்துக்கிரும். இவன் என்னடான்னா…”

“இப்ப முட்டையெல்லாம் எங்க இருக்கு?”

“தகரக் கொட்டாயில கூடையில வச்சு சாக்கப் போத்தியிருக்கு. எங்க மாமியா காவல். இந்த வெயிலுக்கு அதுபாட்டுக்கு இருக்கும். பொழுது சாஞ்சாத்தான் வினை.” பிறகு குரல் இறங்கியது. “தெருவே நம்பிக் குடுத்திருக்குண்ணே. அம்புட்டும் கூமுட்டையாப் போச்சுன்னா, நான் குழாயடிக்குத் தண்ணிக்குப் போக முடியாது.”

வாயாடிகள் குரலைத் தாழ்த்தினால் கவனமாகக் கேட்க வேண்டும். குழாயடிக்குப் போக முடியாமல் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஊரில் கிடையாது.

மதுரைக்குப் போய் ரெடிமேட் போர்டு வாங்கி வந்திருக்கலாமே என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றேனே. கடை இருக்காது. நான் என் சூட்டுப் பெட்டிக்கு வரைந்து வைத்திருந்த தெர்மோஸ்டாட், சென்ஸாரை மாற்றினால் இந்தப் பெட்டிக்கும் ஆகும். பாகங்கள் எல்லாம் டப்பாவில் இருந்தன. போர்டுதான் இல்லை. அந்தப் போர்டை அடிக்கவேண்டிய ஐயா குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தார்.

முதலில் அவள் கொண்டுவந்ததைப் பார்த்தேன். குஞ்சுப் பெட்டியின் மேல், மூடி போட்ட சின்ன அறை மாதிரி ஒன்று இருக்கும். அதற்குள்தான் போர்டு. அந்த அறையை அப்படியே கழற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“கடேசியா இத யாரு தொட்டா தாயி?”

“யாருமே தொடலண்ணே.”

என் முதலாளியின் முகம் ஒரு தரம் கண்ணில் வந்து போனது.

மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். எரிந்த போர்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு, உங்களுக்கும் பழகியிருக்கும். இது அதில்லை. அடுத்தடுத்துத் தும்மினேன். அவளும் தும்மினாள். மிளகாய் வத்தல்! அடுப்பில் வத்தல் கருகினால் வருமே, அந்தக் கமறல். எத்தனையோ விதமாகப் போர்டு கருகிப் பார்த்திருக்கிறேன், தாளித்த போர்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“உள்ள வேற எதும் கெடக்காண்ணே?” என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள் முத்துராக்கு. அந்தக் கேள்வியை நான் அப்போது கவனிக்கவில்லை.

போர்டைத் தூக்கினேன். அடியில், கரண்டு வருகிற இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பாலம் போட்ட மாதிரி படுத்துக் கிடந்தது ஒரு இரும்பு ஆணி. இரண்டு முனையிலும் கருகல். பக்கத்தில் கொஞ்சம் கரித்தூள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோழியை அடை வைக்கும்போது முட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு வத்தல் போட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் அது காக்குமாம். இரண்டு நாளாக மேற்கே கோடை இடி உறுமிக்கொண்டிருந்தது. யாரோ கோழிக்குச் செய்வதை மிஷினுக்கும் செய்திருக்கிறார்கள்.

“எங்க மாமியா வேலை!” என்றாள் முத்துராக்கு, நான் ஆணியை முழுசாக எடுப்பதற்குள். “அவுகளத் தவிர யாரு செய்வா? வீட்டுக்குப் போறேன், இன்னைக்கு இருக்கு அவுகளுக்கு.”

நான் ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். “சண்டைய நாளைக்கு வச்சுக்கலாம் தாயி. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள வேலை கெடக்கு” என்றேன்.

பிரிண்டருக்கு வயிற்றைத் தைத்து, காப்பர் போர்டைத் தட்டில் வைத்து, பட்டனை அமுக்கினேன். தாள் இல்லை என்று சிவப்பு விளக்கு அடித்தது. கல்யாணப் பத்திரிகைத் துண்டு வேர்வையில் வளைந்துபோயிருந்தது. வேறு துண்டு செருகினேன். “கல்யாண வீட்டுக்காரக பாத்தா வருத்தப்படுவாக” என்றாள். போர்டு மெல்ல உள்ளே போனது. ஹெட்டு இங்கும் அங்கும் ஓடியது. “இது என்ன, தறி நாடா மாதிரி ஓடுது?” என்றாள். போர்டு வெளியே வந்தது.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐப்பசியில் ஒழுங்காக அடித்த ஹெட்டுக்கு, சித்திரை வெயிலில் சில துவாரங்களில் மை காய்ந்துவிட்டது. படம் நெடுகிலும் மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் சர்க்யூட்டில் ஓர் அறுப்பு.

“பாவு அறுந்த சேலை மாதிரி இருக்கேண்ணே.”

“அதேதான் தாயி.”

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். ஹெட்டைச் சுத்தம் பண்ணித் திரும்ப அடிக்கலாம். அதற்கு மை வேண்டும், நேரம் வேண்டும், அப்படியும் சரியாக வரும் என்று உறுதியில்லை. வெயில் நமக்காகக் காத்திருக்காது. புது மிஷின் மேல் இருக்கிற ஆசை, ‘இன்னொரு தரம், இன்னொரு தரம்’ என்று கையைப் பிடித்து இழுக்கும். அவசரத்தில் அந்த ஆசைக்கு வேலை கொடுக்காதீர்கள். பிரிண்டர் நன்றாக அடிக்கிறதா என்பது அன்றைய கேள்வி இல்லை. முட்டைக்குச் சூடு வேண்டும், அதுதான் கேள்வி. அறுந்த இடங்களைக் கையால் அடைத்தால் போதும். அமிலத்துக்குக் கரையாத எதுவும் அடைக்க ஆகும்.

“ஞாயித்துக்கெழம நெயில் பாலிஷுக்கு எங்க போறது?” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

“எதுக்குண்ணே? எங்கிட்ட இருக்கே.”

வயர்கூடைக்குள் கைவிட்டு ரோஸ் கலர் பாட்டில் ஒன்றை எடுத்தாள். நான் விரலைப் பார்த்தேன். நகத்தில் ஒன்றுமில்லை. “எனக்கில்ல. மஞ்சப்பொட்டு அழிஞ்சுபோகுதுல்ல? முட்டையத் திருப்பித் திருப்பி வைக்கைல அடையாளம் போயிருது. எம்மக பாட்டில எடுத்து எல்லாத்துக்கும் நானே சின்னப் பொட்டா வச்சுவிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு பொட்டு, ஒரு வீட்டுக்கு ரெண்டு.”

அப்புறம் என்ன? மையைச் சூட்டுப் பெட்டியில் காயவைத்தோம். “மையவா வறுக்கிறீக? உப்புப் போட்டாச்சா?” என்று வேறு கேட்டாள். வெளியே எடுத்து ஆறியதும், நான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு “இங்க, இங்க” என்று காட்ட, அவள் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். தூக்கமில்லாத கண்தான், கை மட்டும் ஆடவில்லை. போர்டை அமிலத்தில் போட்டு, தட்டை மாடிப்படியில் வெயிலில் வைத்தேன். நம் ஊர் வெயிலை எல்லோரும் திட்டுகிறோம். அன்றைக்கு அது இங்கே என் காப்பரைக் கரைத்துக்கொண்டும், அங்கே அவள் முட்டைகளைக் காத்துக்கொண்டும் இருந்தது. அமிலம் சூடாக இருந்தால் வேலை சுருக்காக முடியும்.

பாகங்களை வைத்து ஈயத்தால் பற்றவைத்தாயிற்று. இனிச் சூட்டை எந்த அளவில் நிறுத்துவது? சூடு குமிழைத் திருப்பி வைக்க, கோழியின் வயிற்றுச் சூட்டுக்குப் பக்கமாக ஏதாவது வேண்டும்.

“தாயி, இந்த சென்ஸாரக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஆடாம உக்காருங்க. காய்ச்சல் குச்சி வைப்பாகள்ல, அது மாதிரி.”

வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் குமிழை மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில், கரண்டைத் தானாகப் போட்டு அணைக்கிற ரிலே ‘டக்’கென்று பேசியது. அதற்குமேல் ஒரு மயிரளவு வைத்தேன். மிச்சத்தை வீட்டில் பெட்டியோடு இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

“கடேசில என்னையே அடைக்கோழியா உக்கார வச்சுட்டீகளே!” என்றாள். கடைக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

என் டிவிஎஸ் வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். கருவேலங்காட்டுக்கு மேலே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் என் மனசில் போர்டு இல்லை. இவள் போனதும் மாமியாரைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற யோசனைதான். ஒரு பெட்டியைச் சரிபண்ணி ஒரு குடும்பத்தை உடைத்துவிட்டு வருவது என்ன ரிப்பேர்?

மாமியார் கொட்டகையில் கூடைகளுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனுஷி. அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

“வாங்க தம்பி. நான் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆணியும் கரியும் வத்தலும் போடுடின்னு. ‘மிஷினுக்கு எதுக்கு அதெல்லாம், பயிற்சியிலயே வேண்டாம்னுட்டாக’ன்னு தெருவக் கூட்டி வச்சுச் சிரிச்சா. போடவே விடல. எடுத்துட்டு வந்த ஆணியக்கூடத் திருப்பி எங்கையில குடுத்துட்டா. இப்ப பாருங்க, இடி எறங்கிப்போச்சு.”

நான் முத்துராக்கைப் பார்த்தேன். முத்துராக்கு தன் கால் பெருவிரலைப் பார்த்தாள்.

என் சட்டைப்பையில் ஆணி இருந்தது. அப்போதுதான் எல்லாம் சேர்ந்து வந்தது. மாமியார் போட்டிருந்தால் ஊரறிய முட்டைகளுக்கு நடுவில் போட்டிருப்பார். அங்கே கிடந்திருந்தால் ஒரு சேதமும் வந்திருக்காது. தெருவைக் கூட்டி வைத்துச் சிரித்தவள்தான், இடி உறுமியதும் மனசு கேட்காமல், யாரும் பார்க்காத இடமாகத் தேடி, மேலறை மூடியைத் திறந்து ஒளித்து வைத்திருக்கிறாள். பெட்டி நின்றதும் கரியையும் வத்தலையும் பொறுக்கி எடுத்தவளுக்கு, போர்டுக்கு அடியில் உருண்டுபோன ஆணி மட்டும் அகப்படவில்லை. ‘உள்ள வேற எதும் கெடக்காண்ணே’ என்று கழுத்தை நீட்டியதன் அர்த்தம் எனக்கு டிவிஎஸ் ஓட்டி வந்து சேர்ந்த பிறகுதான் விளங்கியது.

“இடிதான, தம்பி?” என்று மாமியார் விடவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்களில் பாதிப்பேர் ஆணியை எடுத்து நீட்டி, ‘யூசர் எர்ரர்’ என்று தீர்ப்பு எழுதியிருப்பீர்கள். தீர்ப்பு சரிதான். அதற்கப்புறம் அவள் மாமியார் முன்னாலும் தெரு முன்னாலும் எப்படி நிற்பாள்? ‘ஆமாம், இடிதான்’ என்று நான் தலையாட்டினால் அது முழுப் பொய். அடுத்த இடிக்கு மறுபடியும் ஒரு ஆணி உள்ளே போகும்.

“வோல்டேஜுதான் அக்கா. தாறுமாறா எங்கிட்டோ பாஞ்சிருச்சு” என்றேன்.

நம் தொழிலில் பழி சுமப்பதற்கென்றே பிறந்த ஜீவன் வோல்டேஜ். அதற்கு வாய் கிடையாது, கோபித்துக்கொள்ளாது. அன்றைக்கு அது பொய்யும் இல்லை. கரண்டு பாய்ந்தது நிஜம்தானே? எதன் வழியாகப் பாய்ந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முத்துராக்கு விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

போர்டைப் பெட்டியில் பொருத்தினேன். மேலறைக்கு வலை அடித்து, கைபோகாதபடி மூடினேன். பிறகு மாமியாரிடம் சொன்னேன்: “அக்கா, நீங்க சொன்னபடி ஆணி இருக்கட்டும். ஆனா இடி வெளியிலருந்துதான வருது? காவலாளு வெளியதான நிக்கணும்? உள்ள உக்காந்திருந்தா என்ன காவலு?”

மாமியார் யோசித்தார். “நாயந்தான். வீட்டுக்கு வாசல்லதான நாய் கட்டுறோம்” என்றார்.

சட்டைப்பையிலிருந்து அதே ஆணியை எடுத்து, போர்டு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், பெட்டியின் மரச்சட்டத்தில் வெளியே தெரிகிற மாதிரி அடித்தேன். மாமியார் கரியையும் வத்தலையும் ஒரு துணியில் முடிந்து அதில் தொங்கவிட்டார். அப்படியே நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்போதுதான் தூக்கம் வந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு இதைத்தான் சொல்ல ஆசை. நீங்கள் செய்கிற பெட்டியில் எல்லாவற்றுக்கும் இடம் விடுகிறீர்கள். வயருக்கு, காற்றுக்கு, ஸ்க்ரூவுக்கு. அதை வைத்துப் புழங்கப்போகிறவரின் பயத்துக்கும் ஓர் இடம் விடுங்கள். நீங்கள் விடாவிட்டால், அவர்களாக ஓர் இடம் கண்டுபிடிப்பார்கள். அது உங்கள் போர்டின் மேலாகத்தான் இருக்கும்.

குஞ்சு பொரித்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? பொரித்தது. எல்லாம் என்று சொல்லமாட்டேன், கூமுட்டையும் இருக்கத்தான் செய்தது. ஆனால் ரோஸ் பொட்டுக் கணக்குப்படி எந்த வீடும் குஞ்சில்லாமல் போகவில்லை. முத்துராக்கு குழாயடிக்கு முதல் ஆளாகப் போனாள் என்று கேள்வி. பிரிண்டரைக் கேட்டால், அது இப்போதும் என் வீட்டில்தான் இருக்கிறது. சித்திரை வந்தால் ஹெட்டின் மேல் ஈரத்துணி போட்டு வைக்கிறேன். ‘மிஷினுக்குக் காய்ச்சலா?’ என்று வீட்டுக்காரி கேட்கிறாள்.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். பெட்டி காலியாகச் சூடேறிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் மெல்ல ஏற, ரிலே ‘டக்’ என்று அணைத்தது, கொஞ்சம் பொறுத்து ‘டக்’ என்று போட்டது. முட்டைக் கூடைகளை எடுத்துவர மாமியார் கொட்டகைக்குப் போனார். பொழுது சாய்ந்துவிட்டது. மேற்கே, காரியாபட்டிப் பக்கம், வானம் கறுத்து ஒரு தரம் உறுமியது.

முத்துராக்கு ஆணியில் தொங்கிய முடிச்சை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் ஏதோ நினைத்துக்கொள்ளப் போகிறேனே என்று குரலை இறக்கி, “தப்பா நெனைக்காதீகண்ணே. நான் பயிற்சிக்கெல்லாம் போய்ட்டு வந்தவ. எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாதுண்ணே. எல்லாம் எங்க மாமியா மனசுக்காகத்தான். அவுக பழைய ஆளு. நாம சொன்னா கேக்கவா போறாக?” என்றாள்.

வானம் இன்னொரு தரம், கொஞ்சம் கிட்டத்தில், உறுமியது.

அவள் ஆணியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, உள்ளே என் போர்டு இருக்கிறதே என்று நான் பதறிக் கைநீட்டுவதற்குள், கீழே கிடந்த என் சுத்தியலை எடுத்து, அந்த ஆணியின் தலையில் இன்னும் ரெண்டு போடு போட்டாள்.